இரைச்சலைக் காசு கொடுத்து வாங்காதே, தம்பி

மதுரையில் இப்போது தெருவுக்கு ஒரு ஸ்டுடியோ இருக்கிறது. ஆனையூர், வில்லாபுரம், திருநகர், அவனியாபுரம் என்று எங்கே போனாலும் மாடியில் ஓர் அறை, சுவரில் கறுப்பு ஃபோம், ஒரு லேப்டாப், சின்னதாய் ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு கண்டென்சர் மைக். பங்குனி, சித்திரை வந்துவிட்டால் அந்த அறைகளில் தூக்கம் கிடையாது. கருப்பசாமி பாட்டு, அழகர் பாட்டு, முளைப்பாரிப் பாட்டு என்று வரிசை கட்டி நிற்கும். நடுவே கல்யாண வீடியோவுக்கு இசை, தேர்தல் வந்தால் ஆட்டோவில் கட்டிப் போகும் பிரசாரக் குரல். ஒரு காலத்தில் இதற்கெல்லாம் சென்னைக்கு ரயில் ஏற வேண்டும். இங்கேயே நடக்கிறது என்பதில் எனக்கு நிரம்பச் சந்தோஷம்.

வால்வு ரேடியோ ரிப்பேரில் ஆரம்பித்து, மைக் செட், பிறகு ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கூடம் என்று இதே தொழிலில் தலை நரைத்தவன் நான். அதனால் பிள்ளைகள் யோசனை கேட்டு வருகிறார்கள். முன்பு வந்தவர்கள், "மைக்கை எவ்வளவு தூரத்துல வைக்கணும்?" என்று கேட்டார்கள். இப்போது வருகிறவர்கள், "அய்யா, எல்ஏ-2ஏ பிளகின் எந்தக் கம்பெனிது வாங்கலாம்? காசு கம்மியா மாற்று ஏதும் இருக்கா? எது அசலுக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கு?" என்று கேட்கிறார்கள்.

அசலையே கேட்காத காதுக்கு, எது அசலுக்குப் பக்கம் என்று எப்படித் தெரியும்? இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. அந்தப் பிளகின்கள் நகலெடுக்கும் இரும்புப் பெட்டிகளை நானும் சென்னைப் பக்கம் போனபோது எட்டி நின்று பார்த்ததோடு சரி. பெட்டியைத் தெரியாவிட்டால் பாதகமில்லை. அது என்ன வேலைக்காகப் பிறந்தது என்பது தெரிய வேண்டும். அது தெரிந்தால் மாற்றைத் தேர்ந்தெடுப்பது கஷ்டமே இல்லை.

எல்ஏ-2ஏயையே எடுத்துக்கொள். 1960-களில் அமெரிக்காவில் ஜிம் லாரன்ஸ் என்ற பொறியாளர் வானொலி ஒலிபரப்பை மனதில் வைத்துச் செய்தது. வானொலியில் பேசுகிறவர் ஒரு நேரம் முணுமுணுப்பார், அடுத்த நிமிஷம் கத்துவார். அதற்கென்று ஓர் ஆள் உட்கார்ந்து வால்யூமை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஆளின் கைவேலையைத்தான் கம்ப்ரஸர் என்னும் இந்தப் பெட்டி செய்கிறது. உள்ளே ஒளிரும் தகடு ஒன்று, அதற்கு எதிரே வெளிச்சம் பட்டால் தன் மின்தடையைக் குறைத்துக்கொள்ளும் ரெசிஸ்டர் ஒன்று. சத்தம் கூடினால் தகடு பிரகாசமாகும், மின்தடை குறையும், வால்யூம் இறங்கும். சத்தம் நின்றதும் அந்த ரெசிஸ்டர் உடனே பழைய நிலைக்கு வராது. பாதி தூரம் ஏறக்குறைய 60 மில்லிசெகண்டில் திரும்பிவிடும். மீதிப் பாதிக்குச் சில செகண்டுகள்கூட ஆகும், முன்னால் எவ்வளவு வெளிச்சம் பட்டது என்பதைப் பொறுத்து. இந்த மந்தம்தான் அதன் அழகு. பாடகர் மூச்சு விட்டு அடுத்த வரியை எடுக்கும்போது குரல் துள்ளாமல் வந்து உட்கார்கிறதே, அது இந்த மந்தத்தால்தான். முகப்பில் முக்கியமான குமிழ்கள் இரண்டே இரண்டு.

1176 என்பது வேறு குணம். பில் புட்னம் 1967-இல் வால்வை விட்டுவிட்டு ஃபெட் டிரான்சிஸ்டர் வைத்துச் செய்தது. அதன் அட்டாக், அதாவது சத்தத்தைப் பிடிக்க எடுத்துக்கொள்ளும் நேரம், 20 மைக்ரோசெகண்டிலிருந்து 800 மைக்ரோசெகண்ட் வரை. மில்லி இல்லை தம்பி, மைக்ரோ. அதாவது எவ்வளவு மெதுவாக வைத்தாலும் அது ஒரு மில்லிசெகண்டுக்குள் பிடித்துவிடும். இன்னொன்று, அதில் அட்டாக் குமிழும், பிடியை விடும் நேரத்துக்கான ரிலீஸ் குமிழும் தலைகீழ். வலது பக்கம் திருப்பினால் வேகம் கூடும். நகலெடுத்த பிளகின்களும் பெரும்பாலும் அப்படியே வைத்திருப்பதால், மெதுவாக்குகிறோம் என்று நினைத்து வேகமாக்கிவிட்டு, "பாட்டுல உயிரே இல்ல" என்று வந்து நிற்பவர்கள் உண்டு.

இப்போது இதைத் தவிலுக்குக் கொண்டு வா. வலது பக்கம் விரல் கூடு மாட்டி அடிப்பது சுருக்கென்று தெறிக்கும். இடது பக்கம் தொப்பியில் கம்பு விழும் அடி, முதல் சில மில்லிசெகண்டுகளில் தன் வேகம் முழுவதையும் கொட்டிவிடும். அந்தத் தெறிப்புதான் தவில். அதன் மேல் 1176 வகையை வேகமாக வைத்தால் கம்பின் நுனியையே வெட்டி எறிந்துவிடும். எல்ஏ-2ஏ வகையை வைத்தால், ஒரு அடிக்கு இறங்கிய வால்யூம் எழுந்து வருவதற்குள் அடுத்த நாலு அடி வந்துவிடும், தாளம் தொய்ந்து கேட்கும். இந்த இடத்துக்கு எஸ்எஸ்எல் மிக்ஸரின் பஸ் கம்ப்ரஸர் வகை பொருந்தும். அதன் அட்டாக்கை 10, 30 மில்லிசெகண்ட் என்று வைக்கலாம். தெறிப்பை வெளியே விட்டுவிட்டு, பின்னால் வரும் உடம்பை மட்டும் அமுக்கும். உருமி வேறு. அது இழுத்துத் தேய்க்கும் ஓசை, அதற்கு மந்தமான பெட்டி ஒத்துப்போகும். உடுக்கையோ ஒரே பாட்டில் இரண்டு மாதிரியும் பேசும். இதையெல்லாம் எந்தக் கம்பெனியின் பிரிசெட்டும் உனக்குச் சொல்லாது. அதைச் செய்தவர்கள் டிரம்ஸையும் கிட்டாரையும் வைத்துக்கொண்டு செய்தவர்கள்.

ஆக, உனக்குத் தேவை மூன்று குணங்கள்: மந்தமானது ஒன்று, மின்னல் வேகம் ஒன்று, தெறிப்பை விட்டுப் பிடிப்பது ஒன்று. பெயர்களைத் தூக்கிப் போட்டுவிட்டு இப்படிப் பார்த்தால், உன் லேப்டாப்பிலேயே பாதி இருக்கும். கியூபேஸில் வின்டேஜ் கம்ப்ரஸர் என்று ஒன்று கூடவே வருகிறது. லாஜிக்கின் சொந்த கம்ப்ரஸரில் ஆப்டோ, ஃபெட், விசிஏ என்று குணத்தைப் பிரித்தே வைத்திருக்கிறார்கள். ரீப்பரில் 1175 என்ற பெயரில் ஒன்று ஏற்கெனவே கிடக்கிறது, பெயரே எதன் சாயல் என்று சொல்லிவிடும். வெளியிலிருந்து எடுப்பதென்றால் அனலாக் அப்செஷனின் லாலாவும் ஃபெட்டிஷும் இலவசம். ஒன்று எல்ஏ-2ஏ வழி, மற்றது 1176 வழி. கிளாங்ஹெல்மின் எம்ஜேயுசி ஜூனியரும் இலவசம். அது ஃபேர்சைல்டு மாதிரியான வால்வு கம்ப்ரஸர் குணம். டோக்கியோ டான் லேப்ஸின் நோவாவையும் எடுத்து வை. அது எந்தப் பழைய பெட்டியையும் காப்பியடிக்காத சுத்தமான ஈக்யூ. பாதி நேரம் உனக்கு வேண்டியது அதுவாகத்தான் இருக்கும்.

இலவசம், மாற்று என்றதும் முகம் சுருங்குகிறது உங்களுக்கு. "அசல் இல்லியே அய்யா" என்கிறீர்கள். லண்டனில் பீட்டில்ஸ் பதிந்த அபே ரோடு கூடத்தின் கதையைச் சொல்கிறேன். நம் வீடுகளில் நாய் படம் போட்ட இசைத்தட்டு சுழன்றதே, அந்த எச்எம்வியின் தாய்க் கம்பெனியான இஎம்ஐயின் கூடம்தான் அது. 1960 வாக்கில் அவர்கள் அமெரிக்காவிலிருந்து ஆல்டெக் 436 என்ற சாதாரண கம்ப்ரஸரை வரவழைத்தார்கள். அது அப்படியே அவர்களுக்குப் பிடிக்கவில்லை. பிரித்துப் போட்டு, சர்க்யூட்டை மாற்றி, தங்கள் காதுக்கு ஏற்றபடி ஆக்கி, ஆர்எஸ் 124 என்று பெயர் வைத்தார்கள். இன்று அந்த ஆர்எஸ் 124-க்குப் பிளகின் செய்து காசுக்கு விற்கிறார்கள். கைக்குக் கிடைத்ததைத் தங்கள் வேலைக்குத் திருத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான் அவர்கள் செய்தது. அசல் என்று நீ கும்பிடுவதே ஒரு மாற்றுதான்.

அதுவும் போக, எந்த அசல்? வால்வும் ஒளித்தகடும் வயதாகும் பொருள்கள். ஒரே தொழிற்சாலையிலிருந்து வந்த இரண்டு எல்ஏ-2ஏக்கள் இன்று ஒரே மாதிரி கேட்காது. பிளகின் செய்கிறவர் தன்னிடம் இருக்கும் ஒரு பெட்டியை அளந்து எழுதுகிறார், அடுத்தவர் வேறொன்றை அளக்கிறார். இரண்டும் அசல்தான், இரண்டும் வேறுதான். புதிதாகச் செய்து விற்கும் எல்ஏ-2ஏ இன்று நாலாயிரம் டாலருக்குக் குறையாது. வாங்கிக் கொண்டுவந்து நம் சித்திரை வெயிலில், ஏசி இல்லாத மாடி அறையில் வைத்துப் பார். 2012-இல் இங்கே மின்வெட்டு போட்ட ஆட்டம் ஞாபகம் இருக்கும் எவனும் வால்வுப் பெட்டிக்கு ஆசைப்பட மாட்டான்.

ஒரு விஷயத்தைப் பார்த்து நான் வாய்விட்டுச் சிரித்தேன். வேவ்ஸ் கம்பெனியின் சிஎல்ஏ-2ஏ என்ற பிளகினில் கீழே ஒரு ஸ்விட்ச் உண்டு: 50 ஹெர்ட்ஸ், 60 ஹெர்ட்ஸ், ஆஃப். பழைய பெட்டியில் கரண்டோடு சேர்ந்து வரும் ஹம்மையும் இரைச்சலையும் அப்படியே போலச் செய்வதற்காம். ஐரோப்பாவுக்கும் நமக்கும் 50, அமெரிக்காவுக்கு 60. எர்த் சரியில்லை என்று வயரைப் பிடித்துக்கொண்டு, இந்த 50 ஹெர்ட்ஸ் ஹம்மை ஒழிக்க என் தலைமுறை விடிய விடிய உட்கார்ந்திருக்கிறது. டேப்பின் இரைச்சலை அமுக்க டால்பி என்று ஒரு கம்பெனியே பிறந்தது. அந்த ஹம்மையும் இரைச்சலையும் இப்போது பெட்டியில் போட்டு விற்கிறார்கள். உன் வீட்டு லைனில் ஹம் இலவசமாகவே வரும், தம்பி. முதலில் அந்த ஸ்விட்சை ஆஃப் பண்ணு.

இளையராஜாவின் பண்ணைப்புரம் பக்கத்தில் இருப்பதாலோ என்னவோ, அடிக்கடி வரும் இன்னொரு கேள்வி: "ராஜா சாரோட எண்பதுகள் வயலின் சத்தம் வேணும், எந்த டேப் பிளகின் போடலாம்?" அந்தச் சத்தம் டேப்பில் இல்லை. அவர் ஸ்வரத்தைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். வயலின்காரர்கள் ஒரே ஹாலில் உட்கார்ந்து அதைப் பார்த்துச் சேர்ந்து வாசித்தார்கள். ஒருவர் வில் ஒரு மயிரிழை முந்தும், இன்னொருவர் வில் பிந்தும். சுருதியும் அப்படித்தான், இம்மி இம்மியாக விலகி நிற்கும். அந்த விலகல்கள் எல்லாம் சேர்ந்த அடர்த்தியைத்தான் நீ டேப் என்று நினைக்கிறாய். கீபோர்டில் ஒற்றைக் கையால் வாசித்த வயலின் மேல் எந்த டேப் பிளகினைப் போட்டாலும் அது ஒற்றைக் கை வாசித்ததாகவே இருக்கும். வேண்டுமானால் அதே வரியை நாலு தடவை தனித்தனியாக வாசித்து அடுக்கு. முடிந்தால் ஒரே ஒரு நிஜ வயலினைக் கூப்பிட்டு மேலே ஓட்டு. அவர் பழசைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரும் இல்லை. 1986-இல் புன்னகை மன்னன் படத்திலேயே கணினி சீக்வென்ஸரை எடுத்து வேலை செய்தவர்.

காதை ஏமாற்றும் சங்கதி ஒன்று இருக்கிறது, அதைத் தெரிந்துகொள்ளாமல் எந்த டெமோவையும் நம்பாதே. ஒரு டிபி சத்தம் கூட இருந்தாலே மனுஷக் காது அதைத்தான் நல்லது என்று சொல்லும். பிளகின்காரர்களுக்கு இது தெரியும். போட்டதும் சத்தம் கொஞ்சம் தூக்கலாக வருவது பல பிளகின்களின் வழக்கம். "ஆகா, சூடா இருக்கு, கனமா இருக்கு" என்று நீ சொல்வது அந்தக் கூடுதல் டிபியைத்தான். ஆகவே போட்ட பின்னும் எடுத்த பின்னும் அளவு ஒன்றாக இருக்கும்படி அவுட்புட்டைக் குறை. பிறகு கண்ணை மூடிக்கொள். பக்கத்தில் இருப்பவனை ஆன், ஆஃப் பண்ணச் சொல். எது எது என்று சொல்ல முடியவில்லையா, அந்தப் பிளகின் உனக்கு வேண்டாம். விலை எதுவானாலும் வேண்டாம். இந்தச் சோதனைக்கு உன் சொந்தப் பதிவையே வை, கம்பெனி கொடுக்கும் ஆங்கிலப் பாட்டை வைக்காதே. பாடுபவர் உச்சத்தில் "ஏய் கருப்பா" என்று எடுக்கும் அந்த ஒரு வரி போதும்.

உள்ளே அனுப்பும் அளவும் முக்கியம். பழைய பெட்டிகளுக்கு மீட்டரில் பூஜ்யம்தான் நடுநிலை. நகல்களில் பெரும்பாலானவை அந்தப் பூஜ்யத்தை டிஜிட்டல் அளவில் மைனஸ் 18-ஐ ஒட்டி வைத்திருக்கின்றன. நம் பிள்ளைகள் குரலை மைனஸ் 3 வரை ஏற்றிப் பதிந்துவிட்டு அப்படியே உள்ளே தள்ளுகிறார்கள். பெட்டி பாவம், என்ன செய்யும்? கரகரக்கிறது. உடனே, "இந்தக் கம்பெனி சரியில்ல" என்று அடுத்ததை வாங்கப் போகிறார்கள். ஏற்கெனவே இருப்பதற்கு உள்ளே போகும் அளவைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் பேசு.

பணம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நவம்பர் கடைசியில் பாதி விலைக்கும் கீழே போகும் பொருளை ஜூலையில் முழு விலைக்கு வாங்காதே. மாச வாடகைக்குக் கிடைப்பதை யோசித்து எடு. வருமானம் திருவிழாவுக்குத் திருவிழா வருகிற ஊரில், ஆடியில் நிறுத்திய வாடகையால் பங்குனியில் பதிந்த பழைய புராஜெக்ட் திறக்காமல் போகலாம். சொந்தமாக வாங்கினாலும் நிம்மதி என்று சொல்லிவிட முடியாது. 1992-இல், ரோஜா படம் வந்த அதே வருஷம், உலகத்தின் முதல் பிளகின்களில் ஒன்றை விற்ற வேவ்ஸ் கம்பெனி, 2023 மார்ச்சில் இனி வாடகை மட்டும்தான் என்று அறிவித்தது. வாடிக்கையாளர்கள் கொதித்தெழுந்த பிறகு சில நாட்களில் பின்வாங்கியது. அதனால் ஒரு வேலை முடிந்ததும் ஒவ்வொரு டிராக்கையும் எஃபெக்டோடு ஆடியோவாக எடுத்துத் தனியே சேமித்து வை. வட்டிக்கு வாங்கிப் பிளகின் எடுத்தவனை எனக்குத் தெரியும். வட்டி ஓடியது, பிளகின் ஓடவில்லை. கிராக் பக்கம் போகவே போகாதே. உன் பாட்டை எவனோ எடுத்துப் போட்டு வியூஸ் பார்த்தான் என்று போன மாசம் என்னிடம் வந்து அழுதாயே, அந்தக் கோபத்தை இங்கேயும் வை. திருட்டு ஃபைலோடு வரும் வைரஸ் உன் ஹார்ட் டிஸ்க்கையே பூட்டிவிட்டுக் காசு கேட்கும் என்பது அதற்கு மேல்.

ரிவெர்ப் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. இஎம்டி 140 என்று ஜெர்மனியில் 1957-இல் ஒன்று செய்தார்கள். பெரிய மரப்பெட்டிக்குள் ஆளுயரத்துக்கும் நீளமான இரும்புத் தகட்டை இழுத்துக் கட்டி, அதை அதிர வைத்து முழக்கத்தை எடுக்கும். ஏறக்குறைய 270 கிலோ. அதன் நகல் சினிமாப் பாட்டுக்கு அருமை, தாராளமாகப் போடு. ஆனால் கருப்பசாமி பாட்டுக்குக் கதீட்ரல் என்ற பிரிசெட்டைப் போடுகிறீர்களே, என்ன நியாயம்? நம் பக்கத்தில் பல ஊர்க் கருப்பனுக்குக் கூரையே கிடையாது. மரத்தடி, வெட்டவெளி, வரிசையாக அரிவாள். அந்தச் சாமி முன்னால் பாடும் குரல் காற்றில் நேராகப் போகும், திரும்பி வராது. அங்கே ரிவெர்ப்பைக் குறைத்து, லேசான எக்கோ வைத்தால் போதும். முழங்கும் இடம் வேண்டுமென்றால் 1636-இல் கட்டிய திருமலை நாயக்கர் மகால் நம்மூரிலேயே இருக்கிறது. அந்தத் தூண்களுக்கு நடுவே ஒரு தடவை கையைத் தட்டிக் கேள். ஒரு இடத்தில் பலூன் வெடித்தால் எழும் முழக்கத்தைப் பதிந்து, அதை எந்தக் குரலுக்கும் ஏற்றிவிடும் கன்வல்யூஷன் பிளகின்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. தொல்லியல் துறையிடம் அனுமதி வாங்காமல் பலூனோடு போய் நின்றால் காவலாளி துரத்துவார், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பாட்டு எங்கே கேட்கப்படும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஹெட்போனில் நீ ரசிக்கும் வால்வுச் சூடு, ஊர்த் திருவிழாவில் தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் போய்ச் சேராது. அதில் கனமான பேஸ் வராது, உச்ச ஓசையும் வராது. நடுவில் இருக்கும் குரல் மட்டும் வரும். அது தெளிவாக இருந்தால் ரெண்டு ஊர் தள்ளிக் கேட்கும். ஆகவே முடித்த பாட்டை போன் ஸ்பீக்கரில் ஒரு தடவை, தெரிந்த மைக் செட்காரரிடம் கெஞ்சிக் குழாயில் ஒரு தடவை போட்டுப் பார். உன் பிளகின்களில் எது வேலை செய்கிறது, எது சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று அங்கே தெரிந்துவிடும்.

பாடுகிறவர்களையும் கவனி. பழைய பாடகர்கள் உச்சத்துக்குப் போகும்போது மைக்கிலிருந்து தலையைப் பின்னால் இழுப்பார்கள், இறங்கும்போது கிட்டே வருவார்கள். அனுபவமுள்ள நாதஸ்வரக்காரர் வாத்தியத்தின் வாயை மைக்குக்கு நேரே பிடிக்க மாட்டார், கொஞ்சம் விலக்குவார். கம்ப்ரஸர் செய்யும் வேலையில் பாதி அங்கேயே முடிந்துவிடும். இதைப் பாடுபவருக்குச் சொல்லிக் கொடுக்க அஞ்சு நிமிஷம் ஆகும்.

கடைசியாக நீ கேட்ட கேள்விக்கே வருகிறேன். கையில் பத்தாயிரம் ரூபாய் இருக்கிறது, எந்தப் பிளகின் வாங்கலாம் என்றாய். எதுவும் வாங்காதே. மேலே சொன்ன இலவசங்களை இறக்கி, மூன்றே மூன்றை வைத்து அடுத்த சித்திரை வரை வேலை செய். அந்தப் பணத்தில் போடி இலவம்பஞ்சில் நாலு தடிமனான மெத்தை தைத்து, பாடுபவருக்குப் பின்னாலும் பக்கத்திலும் சுவரை ஒட்டி நிறுத்து. உன் அறையின் சிமென்ட் சுவர் குரலைத் திருப்பி அடிப்பதை எந்தக் கம்பெனிப் பிளகினாலும் சுத்தமாகத் துடைக்க முடியாது. மிச்சம் இருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிபார்.